ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும்

வழியனுப்புவதில் தனுஷ்கோடிக்கு ஒரு முறை இருந்தது. விருந்தாளி கிளம்பினால் வாசலோடு நிற்க மாட்டார். பையை வாங்கிக்கொண்டு ராஜபாளையம் பஸ் நிலையம் வரை கூடவே நடப்பார். ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார வைப்பார். பிறகு கண்டக்டரைத் தேடிப் போவார். இவர் வத்திராயிருப்பில் இறங்க வேண்டியவர், கண்ணசந்துவிடுவார், எழுப்பிவிட வேண்டும் என்று சொல்லி வைப்பார். பஸ் கண்ணுக்கு மறையும்வரை அங்கேயே நிற்பார். அந்தத் தடத்துக் கண்டக்டர்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். தூரத்தில் அவர் தலை தெரிந்தாலே, “சரிண்ணே, எழுப்பி விட்டுருதேன்” என்பார்கள்.

நூல் மில்லில் அவர் பிட்டர். சட்டையில் எண்ணெய்க் கறையும் புருவத்தில் பஞ்சும் எப்போதும் இருக்கும். மனைவி வெள்ளைத்தாய் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் துணி மடித்துக் கட்டும் வேலைக்குப் போனாள். ஒரே மகள் நாச்சியார். அவள் கோயம்புத்தூரில் ஜவுளிப் பொறியியல் படித்த காலத்தில் ஒவ்வொரு விடுமுறைக்கும் அவரே போய் அழைத்து வந்தார், அவரே கொண்டுபோய் விட்டார். விடுதி வாசலில் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி நேராக ஷிப்டுக்குப் போவார். பாதித் தூக்கத்தில் மிஷினுக்குள் கையை விட்டால் என்ன ஆவது என்று வெள்ளைத்தாய் சத்தம் போடுவாள். அவர் காதில் வாங்கியதில்லை.

தொண்ணூறாம் வருடம், அமெரிக்காவில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கப் போவதாக நாச்சியார் சொன்னாள். விண்ணப்பம் எந்த ஊரில் கிடைக்கும், என்றைக்குப் போக வேண்டும் என்று கேட்டார். போக வேண்டாம், கடிதம் எழுதினால் அவர்களே அனுப்புவார்கள் என்றாள். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா அனுப்பினால் அவர்களுக்குக் கட்டுப்படியாகுமா என்றார். தபாலாபீசில் வான்கடிதத் தாள்கள் வாங்கி வந்தார். அவள் எழுதியதை ஒட்டி, தானே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டார். மாதம் ஒன்று கழித்துத் தடித்த உறைகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. வழவழப்பான தாளில் புல்வெளியும் செங்கல் கட்டிடமுமாகப் படங்கள். மில்லுக்கு எடுத்துப் போய்க் காட்டினார்.

ஏன் படிக்க விரும்புகிறாய் என்று இரண்டு பக்கம் எழுதி, டைப் அடித்து அனுப்ப வேண்டியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரில் டைப் அடிக்கும் ஐயாதுரை அவருக்குப் பழக்கம். நாச்சியார் கையால் எழுதியதை அவரிடம் கொடுத்து அடித்து வாங்கி வந்தார். பத்திகளுக்கெல்லாம் நம்பர் போட்டிருந்தது. மேற்படி முகவரியில் குடியிருக்கும் தனுஷ்கோடி குமாரத்தி நாச்சியாராகிய நான் சத்தியப் பிரமாணமாகச் சொல்வது என்னவென்றால் என்று ஆங்கிலத்தில் தொடங்கி, எனக்குத் தெரிந்தவரை யாவும் உண்மை என்று முடிந்தது. வாழ்நாளெல்லாம் பிரமாணப் பத்திரம் அடித்த கை. பிள்ளை சொன்னது எடுப்பாக இல்லை, ஒரு பிடிமானம் வேண்டாமா என்பது ஐயாதுரையின் வாதம். நாச்சியார் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறுபடி அடிக்கும்போது தனுஷ்கோடி பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

பாஸ்போர்ட்டுக்குத் திருச்சி. ஆங்கிலப் பரீட்சைக்கு மெட்ராஸ். எல்லாவற்றுக்கும் அவர் கூடப் போனார். பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் முதலில் டீக்கடையில் விசாரித்துவிட்டார். தனுஷ்கோடி மேல் என்ன கேஸ் என்று தெரு ஒரு வாரம் பேசியது.

அடுத்த வருடம் ஏப்ரலில் இடம் கிடைத்தது. அங்கேயும் பருத்தி விளைகிற மாநிலம்தான். கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் அவர்களே பார்த்துக்கொள்வதாகப் பேராசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். முறையான கடிதம் பின்னால் வரும் என்றும் எழுதியிருந்தார். ஆனி மாதம் அப்பாவும் மகளும் விசாவுக்கு மெட்ராஸ் போனார்கள். மவுண்ட் ரோட்டில் அமெரிக்கத் தூதரக வாசலில் விடிவதற்கு முன்பே வரிசை நின்றது. வாசலுக்குமேல் அவரை விடவில்லை. எதிர்ப்பக்க நடைபாதையில், மகளின் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். முறையான கடிதம் இல்லாமல் விசா கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

கடிதம் வரவில்லை. தந்தி கொடுத்தார்கள். பேராசிரியர் விடுமுறையில் இருப்பதாகப் பதில் வந்தது. ஆகஸ்ட் இருபதுக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் இன்னொருவருக்குப் போய்விடும். ஆடி பிறந்தது. நாச்சியார் சாப்பாட்டைக் குறைத்தாள். பிட்டர் சரிசெய்ய இதில் எதுவும் இல்லை.

தெருக் காளியம்மன் கோவிலில் ஆடிக் கடைசியில் பூக்குழி இறங்கித் தீ மிதிப்பார்கள். விசா கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, தனுஷ்கோடி மஞ்சள் துணி உடுத்திக் கையில் காப்புக் கட்டிக்கொண்டார். கட்டிவிட்டவர் இருளப்பசாமி. மில்லில் கூட வேலை பார்ப்பவர். கோவிலில் காப்புக் கட்டும் உரிமை அவர் குடும்பத்துக்கு. கட்டிக்கொண்டவர் கறி தின்னக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, சவரம் செய்யக் கூடாது. முக்கியமாக, பூ மிதித்துக் காப்பை அவிழ்க்கும்வரை ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கக் கூடாது. பகலில் எங்கு போனாலும் படுக்கைக்கு ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும்.

மறுநாள் கடிதம் வந்தது.

நாச்சியார் அதைப் பிரித்துப் படித்துவிட்டு மில்லுக்கே ஓடி வந்தாள். இன்றே கிளம்ப வேண்டும் என்றாள். தனுஷ்கோடி சந்தோஷத்தில் தலையாட்டினார். பிறகுதான் மணிக்கட்டைப் பார்த்தார். பூக்குழி முடிந்து மெட்ராஸ் போனால் விசாவுக்கும் விமானத்துக்கும் நாள் போதாது.

இருளப்பசாமி டீத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “ஏலே தனுஷ்கோடி, பிள்ளை போகணும்னு ஆத்தாகிட்ட கேட்டுட்டு, நீ போகாம ஒன் காலைக் கட்டிக்கிட்டியே.”

போய்விட்டு ராத்திரிக்குள் திரும்ப வழியிருக்கிறதா என்று தனுஷ்கோடி கேட்டார். விமானத்தில் போ என்றார் இருளப்பசாமி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அவுக்கணும்னா நீயே அவுத்துக்க. ஒன்ன யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக. ஆனா நான் கட்டுனதை நானே அவுக்க மாட்டேன்.”

வெள்ளைத்தாயின் தம்பி சோலைராஜுக்கு ஆள் போயிற்று. அவர் கூமாப்பட்டியில் விவசாயம். மதியமே வந்துவிட்டார். அக்கா மகளைத் தன் மகனுக்குக் கேட்டு வைத்திருந்தவர் அவர். மெட்ராஸுக்குத் துணை போக அவருக்கு முடியாமல் இல்லை, மனமில்லை. “மச்சான், ஆத்தாளே நிப்பாட்டுதா. இதுக்கு மேல எம்புட்டுத் தெளிவா சொல்லணும் ஒங்களுக்கு?” என்றார். வெள்ளைத்தாய்க்கும் அதே பயம் என்பது அவள் வெங்காயம் உரித்த விதத்தில் தெரிந்தது. உரித்ததையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தாள்.

தனுஷ்கோடி கொல்லைப் பக்கம் போய் நின்றார். மஞ்சள் கட்டிய நூலைக் கட்டைவிரலால் நெம்பினார். தினமும் நூலோடு புழங்குகிறவர். ஒரு இழுப்பில் அறுக்கலாம். அறுத்தால், எந்த விசாவுக்காகக் கட்டினாரோ அந்த விசா நிற்குமா என்ற பயம். அறுக்காவிட்டால் மகள் நிற்பாள்.

நாச்சியார் பின்னால் வந்தாள்.

“அவுக்காதீங்கப்பா. நான் போயிட்டு வாரேன்.”

“நீ தனியாவா? மெட்ராஸுக்கா?”

“ஆமா.”

“ஏட்டி, ராத்திரி முச்சூடும் வண்டி. எழும்பூர்ல எறங்கி அந்தக் கூட்டத்துல…”

“அப்பா, அமெரிக்காவுக்கு எங்கூட யாரு வாரா?”

இந்த ஒன்றரை வருடத்தில் திருச்சி போனதும் மெட்ராஸ் போனதும் வரிசையில் நின்றதும் எல்லாம் அவர் மனதில் ஓடியிருக்கின்றன. விசா வாங்குவது வரை யோசித்திருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு நாள் அவள் தனியாக ஏறிப் போவாள் என்பதை ஒரு முறைகூட யோசிக்கவில்லை. அந்தக் கொல்லையில் துவைகல் பக்கத்தில் நின்றபோதுதான் அது அவருக்கு விளங்கியது. விளங்கியதும் நூலிலிருந்து விரலை எடுத்தார்.

சாயங்காலக் கொல்லம் மெயிலில் அவளை ஏற்றினார். பையை மேலே வைத்தார். இறங்கவில்லை, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் வரலாம், இருட்டுவதற்குள் பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்றார். மழிக்காத முகம், மஞ்சள் துணி, வெறுங்கால். பெட்டியில் எல்லோரும் பார்த்தார்கள். அந்த இரண்டு ஸ்டேஷன் இடைவெளியில் அவர் ஓயாமல் பேசினார். பணத்தை இரண்டு இடத்தில் வை. ஆட்டோவில் ஏறாதே. கூடப் படித்த சிநேகிதி வந்து அழைத்தால்தான் ஸ்டேஷனை விட்டு வெளியே போ. திரும்பி வருவியா என்று கேட்டால் தயங்காமல் வருவேன் என்று சொல். எதிரில் இருந்த குடும்பத்திடம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டார். எழும்பூர் வந்தால் எழுப்பிவிடச் சொன்னார். அதுதான் கடைசி ஸ்டேஷன், எல்லோரும் எழுந்துவிடுவார்கள் என்று நாச்சியார் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி முடித்திருந்தது. வண்டி நகர்ந்தபோது கம்பியை விட மட்டும் கொஞ்சம் தாமதமாயிற்று.

மறுநாள் பூராவும், போன் இருந்த மில் டைம் ஆபீஸைச் சுற்றியே வேலை இருப்பதுபோல் நடந்தார். சாயங்காலம் போன் வந்தது. கிளார்க் அவரைக் கூப்பிட்டு ரிசீவரைக் கொடுத்தார்.

“கெடச்சிருச்சுப்பா.”

“என்ன கேட்டாக?”

“ஒண்ணும் கேக்கல. கடிதத்தைப் பாத்தாக. பாஸ்போர்ட்டை வாங்கி வச்சிக்கிட்டாக. சாயங்காலம் விசா குத்திக் குடுத்துட்டாக.”

“திரும்பி வருவியான்னு கேக்கலையா?”

“கேக்கலப்பா.”

“சரி,” என்றார். ரிசீவரைக் கிளார்க்கிடம் கொடுத்துவிட்டு வந்து, ஓடிக்கொண்டிருந்த நூற்பு மிஷினின் முன்னால் நின்றார். அவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

பூக்குழியன்று அவர் சீராக, அவசரமில்லாமல் மிதித்தார். சோலைராஜ்கூட வந்திருந்தார். இறங்கி வந்தவரின் காலுக்குப் பால் ஊற்றியபோது, இந்தத் தடவை என்ன வேண்டிக்கிட்டீக என்று வெள்ளைத்தாய் கேட்டாள். “கேட்டதைத்தான் குடுத்துட்டாளே. இன்னும் என்னத்தக் கேக்க?” என்றார். இருளப்பசாமி காப்பை அவிழ்த்தார். மணிக்கட்டில் மஞ்சள் தடம் ஒரு வாரம் கிடந்தது.

இரண்டாம் நாள் நாச்சியார் கிளம்பினாள். இப்போது அவருக்குத் தடை எதுவும் இல்லை. மெட்ராஸுக்கு மூன்று டிக்கெட் எடுத்திருந்தார். மதுரையைத் தாண்டியிராத வெள்ளைத்தாய் புதுச்சேலையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டி நின்றபோது தனுஷ்கோடி எழுந்து செருப்பை மாட்டினார்.

“எங்க போறீக?” என்றாள் வெள்ளைத்தாய்.

“நான் எறங்கிக்கிடுதேன். நீ போயி அனுப்பிட்டு வா.”

“டிக்கெட் எடுத்திருக்கே, கிறுக்குப் பிடிச்சிருச்சா?”

அவர் மகளைப் பார்த்தார். “ஏர்போர்ட்ல எப்படி நிக்கணும்னு எனக்குத் தெரியாதுட்டி. இங்க தெரியும்.”

நாச்சியார் சரி என்றாள். வற்புறுத்தவில்லை. அவர் இறங்கிப் போய், முன்பு நின்ற அதே இடத்தில் நின்றார். வெள்ளைத்தாய் சிவகாசி வரை அவரைத் திட்டிக்கொண்டே போனாளாம்.

அதற்குப் பிறகு நாச்சியார் மூன்று முறை வந்து போனாள். ஒவ்வொரு முறையும் கொல்லம் மெயிலில் ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் கூட வருவார். அந்தச் சிறிது நேரத்தில் மில், மழை, யார் யாருக்குக் கல்யாணம் என்று எல்லாம் பேசிவிடுவார்.

தொண்ணூற்றேழு மாசியில் தனுஷ்கோடி இறந்தார். பஞ்சு நெஞ்சில் இறங்கி மூச்சை அடைத்தது. நாச்சியார் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

அதற்கு முந்திய ஆவணியில்தான் அவள் கடைசியாக அவரைப் பார்த்தது. அப்போதே நாலு எட்டு வைத்தால் இளைத்தது. ஸ்டேஷனுக்கு வர வேண்டாம் என்றாள். வந்தார். வண்டியிலும் ஏறினார். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தது. அவர் எழவில்லை.

“அப்பா, ஊரு வந்திருச்சு.”

“தெரியும். செத்த நேரம் இருக்கேன். சிவகாசில எறங்கிக்கிடுதேன்.”

சிவகாசியிலும் எழவில்லை. அவள் கேட்கவும் இல்லை. விருதுநகரில் இறங்கினார். பிளாட்பாரத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, ராஜபாளையத்துக்கு இந்நேரத்தில் பஸ் உண்டா என்று போர்ட்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.