எழுநூற்றைம்பது சிசியில் போட்டோஸ்டாட் ரிப்பேர்

போட்டோஸ்டாட் மெஷின் ரிப்பேர்காரன் சின்ன மோட்டார் சைக்கிளில் வந்தால் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்பார்கள். பெரிய மோட்டாரில் வந்தால் மெஷினையே மறந்துவிடுவார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் அந்த இரண்டாவது வகை. ஆபீஸ் பிரிக்பீல்ட்ஸில், வீடு கிள்ளானில். பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா, காஜாங் என்று எங்கே மெஷினில் காகிதம் சிக்கினாலும் இடுப்பில் இருக்கும் பேஜர் அலறும், நான் கிளம்புவேன்.

ஊருக்குத் திரும்பிப்போன ஓர் ஆங்கிலேய இன்ஜினியரிடமிருந்து அந்த மோட்டாரை வாங்கினேன். ஜப்பான் வண்டி, எழுநூற்றைம்பது சிசி, பந்தயத்துக்கென்றே குனிந்து உட்காரும்படி செய்தது. அதை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். திங்கட்கிழமை காலையில் மனசு கேட்கவில்லை. பெரிய மோட்டாரில் வேலைக்குப் போய் மணிக்கட்டு வலித்து, முதுகு பிடித்து, ஆனாலும் வாயைத் திறக்காமல் சிரித்துக்கொண்டே இறங்கிய சகோதரர்களே, இனி நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

வெள்ளைச் சட்டை

அந்த மோட்டாரில் சாமான் வைக்க இடமே கிடையாது. பின் சீட் ஒரு ரொட்டித்துண்டு அளவு. அதனால் ஸ்குரூடிரைவர், பிரஷ், ரோலர், டோனர் பாட்டில் எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்து முதுகில் மாட்டிக்கொள்வேன். டோனர் என்பது மெஷினில் போடும் கருப்புத் தூள். மாவைவிட மென்மை, பாவத்தைவிட ஒட்டும்.

ஒரு நாள் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு வக்கீல் ஆபீசில் அவசர வேலை. வழியில் ஒரு பள்ளத்தில் மோட்டார் குதித்தது. பைக்குள் டோனர் பாட்டிலின் மூடி கழன்றிருக்கிறது, எனக்குத் தெரியாது. காற்று அந்தத் தூளைக் கிளப்பி என் கழுத்து, காது, சட்டை எல்லாவற்றிலும் அப்பிவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றினால் முகம் மட்டும் தன் நிறத்தில், மற்ற இடமெல்லாம் கரிமூட்டைக்காரன். அதே கோலத்தில் கதவைத் திறந்தேன். முன்மேசையில் இருந்த பெண் பதறவில்லை. எழுந்து வந்து, என்னைத் தொடாமல், வழியை மட்டும் மறித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, உள்ள போகாதீங்க. வக்கீல் இன்னிக்கு கோர்ட்டுக்குப் போறாரு, வெள்ளைச் சட்டை போட்டிருக்காரு."

பாலத்தடி

கூட்டரசு நெடுஞ்சாலையின் ஓரத்தில் மோட்டார்களுக்கென்று தனிப் பாதை உண்டு. குறுகல். வளைந்து வளைந்து பாலங்களுக்குக் கீழே நுழைந்து போகும். கப்சாய் என்று நாம் சொல்லும் சின்ன மோட்டார்களுக்கு அது ராஜபாட்டை. எனக்கு அது மூக்கணாங்கயிறு. முதல் கியரைத் தாண்ட முடியாது. மெதுவாகப் போனால் இன்ஜின் சூடு இரண்டு தொடைகளையும் வாட்டும். மீன்பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு கிள்ளானிலிருந்து வரும் ஒரு மலாய்க்காரப் பெரியவர் தினமும் காலையில் என்னைத் தாண்டிப் போவார். தாண்டும்போது மரியாதையாக ஒரு ஹார்ன் அடிப்பார். அந்த ஹார்ன்தான் எனக்குச் சுருக்கென்று தைக்கும்.

ஒரு நாள் பேய்மழை. எல்லாரும் பாலத்தடியில் ஒதுங்கினோம். சொட்டச் சொட்ட நனைந்த முப்பது நாற்பது பேருக்கு நடுவில் அவரும் நின்றார். என் மோட்டாரை முதல்முறையாக நிதானமாகச் சுற்றிப் பார்த்தார். டாங்கைத் தட்டிப் பார்த்தார். இரட்டை டிஸ்க் பிரேக்கைக் குனிந்து பார்த்தார். பிறகு என் சட்டையிலிருந்து வழிகிற தண்ணீரைப் பார்த்தார். மலாயில் சொன்னது இதுதான், பெரிய மோட்டார், நனைவது மட்டும் ஒரே மாதிரி என்று:

"மோட்டோர் பெசார், பாசா சாமா ஜுகா."

அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதர்கள். அவர் ஹார்ன் அடித்தால் நானும் பதிலுக்கு அடிப்பேன்.

ரோட்பிளாக்

போலீஸ் தடுப்பு எங்கே இருந்தாலும் என்னை நிறுத்துவார்கள். முன்னால் போன இருபது கப்சாய்களைக் கையசைத்து அனுப்பிவிட்டு, என்னைப் பார்த்ததும் கை உயரும். லைசென்ஸ், ரோடு டேக்ஸ், காப்புறுதி எல்லாவற்றையும் மேல்பாக்கெட்டிலேயே வைத்திருப்பேன்.

சுபாங் ஜெயாவுக்குப் போகும் வழியில் ஒரு நாள் தமிழ்க்காரர் ஒருவர் நிறுத்தினார். தொப்பியும் மீசையுமாக, ஓய்வுக்கு நெருங்கிய வயது. காகிதங்களை நீட்டினேன். வாங்கவில்லை. இன்ஜினை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். பண்ணினேன். கொஞ்சம் முறுக்கச் சொன்னார். சைலன்சர் சத்தத்துக்கு என்னை மாட்டப்போகிறார் என்று எனக்கு வியர்த்தது. மெதுவாகத்தான் முறுக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எனக்குப் பின்னால் வண்டிகள் நீளமாக நின்றன. "அண்ணே, என்ன தப்பு?" என்று கேட்டேன்.

"தப்பு ஒண்ணுமில்ல லா தம்பி. சும்மா கேக்கணும்னு தோணுச்சு, போ."

காஜாங் பரீட்சை

காஜாங்கில் ஒரு தனியார் பள்ளிக்கூடம். ஐந்தாம் படிவ மாணவிகளுக்கு அன்று காலையில் கணக்குப் பரீட்சை. கேள்வித்தாளை அச்சடிக்கும்போது மெஷின் நின்றுவிட்டது. தலைமையாசிரியை மிஸஸ் கனகசபை யாழ்ப்பாணத்துக்காரர், குரலை உயர்த்தவே மாட்டார். "நீங்கள் வராவிட்டால் நான் கரும்பலகையில்தான் எழுத வேண்டும், தம்பி" என்று போனில் சொன்னார். அதைக் கேட்டதும் திட்டுவாங்கியது போல இருந்தது எனக்கு.

ஸ்டோரில் தேவையான ரோலரை எடுத்துப் பைக்குள் வைத்து, செராஸ் வழியாகப் பறந்தேன். உண்மையாகவே பறந்தேன், அந்த மோட்டாரை வாங்கியதற்கு அன்றுதான் நியாயம் கிடைத்தது. நான்காவது கியரில் அது பாட ஆரம்பித்தபோது இவ்வளவு நாளும் இதன் கழுத்தைப் பிடித்து வைத்திருந்தோமே என்று இருந்தது. பள்ளிக்கூட வாசலில் நுழையும்போது மாடி ஜன்னலெல்லாம் தலைகள். எனக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்று நினைத்து ஹெல்மெட்டைக் கழற்றிக் கையாட்டினேன். யாரும் திருப்பி ஆட்டவில்லை.

ரோலரை மாற்றினேன். மெஷின் ஓடியது. கேள்வித்தாள் சூடாக வெளியே வந்து விழுந்தது. மிஸஸ் கனகசபை தன் கையாலேயே எனக்கு ஒரு கோப்பை மைலோ கலக்கிக் கொடுத்தார். அவருடைய அகராதியில் அது பொன்னாடை. குடித்துவிட்டு மோட்டாரிடம் போனபோது, பரீட்சைக்கு வரிசையில் நின்ற ஒரு பெண், கையில் அளவுகோலும் முகத்தில் துக்கமுமாக, என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அங்கிள், இவ்வளவு பெரிய மோட்டார் வச்சிருக்கீங்க, கொஞ்சம் மெதுவா வந்திருக்கலாம் லா."

பெண் பார்த்த கதை

எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. பெண் வசந்தி, கிள்ளானில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். அவளுடைய அப்பா துறைமுகத்தில் கிளார்க். என்னைப் பற்றி எல்லாம் விசாரித்தார். குடும்பம் சரி, வேலை சரி, பழக்கவழக்கம் சரி. மோட்டார் மட்டும் சரியில்லை. "அதை வித்துட்டு வரச் சொல்லுங்க, பேசலாம்" என்று சொல்லியனுப்பினார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் என் அக்கா காரணத்தை விசாரித்து வந்து சொன்னாள். அவருடைய தம்பி மோட்டாரில் போய்த்தான் இறந்திருக்கிறான். உடலை அடையாளம் சொல்லப் போனவர் இவர். அதைக் கேட்ட பிறகு கோபம் எங்கே நிற்கும்? நானே நேரில் போனேன். "விக்கச் சொன்னா விக்கிறேன் அங்கிள். ஆனா ஒரு தடவை நான் எப்படி ஓட்டுறேன்னு பாத்துட்டுச் சொல்லுங்க" என்றேன். உள்ளே வசந்தியின் வளையல் சத்தம் நின்றுபோனது. அவர் எழுந்து போய், நீளக் கால்சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் அவரைப் பின்னால் வைத்துக்கொண்டு போனேன். வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்காக நான் ஓட்டியதே இல்லை. ஒரு லோரியையும் முந்தவில்லை. முதலில் அவர் கைகள் என் இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தன. மூச்சே விட முடியவில்லை. பெட்டாலிங் ஜெயா தாண்டும்போது பிடி கொஞ்சம் தளர்ந்தது. பிறகு ஒரு கையை எடுத்து மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். எனக்கு அப்போதே பாதி உயிர் திரும்பி வந்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடை முன்னால் நிறுத்தினேன். அந்தப் பின் சீட் உயரம் உங்களுக்குத் தெரியும். இறங்கியவரால் நிமிர முடியவில்லை. குனிந்தபடியே கடைக்குள் போய், நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரேக் டீயைக் குடித்து முடித்த பிறகுதான் இடுப்பு ஒத்துழைத்தது. அப்போது சொன்னார்.

"நீங்க ஓட்டுறது பரவாயில்ல, மோட்டாரை வச்சுக்குங்க. அந்தப் பின் சீட்டுல மட்டும் என் மகளை ஏத்தாதீங்க."

கருவாடு

வசந்தி வந்த பிறகு மோட்டார் குடும்ப வண்டியாகிவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் கார் சீட் தைக்கும் ஒருவரிடம் சொல்லி, டாங்க் மேல் கட்டும்படி ஒரு தோல்பை தைத்து வாங்கினேன். கத்தரிக்காய், முருங்கைக்காய், ஒரு தடவை உயிரோடு ஒரு கோழி எல்லாம் அதில் பயணம் செய்தன. ஒரு காலையில் பாசாரில் நல்ல கருவாடு கிடைத்தது. வாங்கி அதே பையில் வைத்து நேராக சுபாங் ஜெயாவில் ஒரு கட்டிடக்கலைஞர் ஆபீசுக்குப் போனேன். வழியில் டிராபிக் ஜேம். அடியில் இன்ஜின் கொதிக்க, மேலே கருவாடு பதமாக வாடியது.

பையோடு உள்ளே போய் மெஷினைத் திறந்ததும் முதலாளி ஓடி வந்து, ஏதோ தீய்கிறது, சுவிட்சை அணை என்றார். பியூஸ் போய்விட்டதா என்று எல்லாரும் சுவரை மோந்து பார்த்தார்கள். நானும் தலையை மெஷினுக்குள் விட்டுத் தேடுவது போலத் தேடினேன். மூலையில் வரைபடம் சுருட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருத்தி மட்டும் என் பையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

"மெஷினுக்கு ஒண்ணும் ஆகல பாஸ். எனக்குத்தான் பசிக்குது."

முட்டைக்கோஸ் வேன்

வசந்திக்கு இடுப்பு வலி எடுத்தபோது பட்டப்பகல். டாக்சி கிடைக்கவில்லை. அவளை மோட்டாரில் ஏற்ற எனக்குப் பைத்தியமா? பக்கத்து வீட்டு ஆ செங் பாசாருக்குக் காய்கறி வேன் ஓட்டுகிறவர். வேனிலிருந்த கூடைகளைத் தள்ளிவிட்டு, மெத்தை போட்டு, அவளையும் என் அக்காவையும் ஏற்றிக்கொண்டார். தெருமுனை தாண்டினால் கிள்ளான் பாலத்தில் நகராத ஜேம்.

நான் மோட்டாரோடு வேனுக்கு முன்னால் போய் நின்றேன். பெரிய விளக்கைப் போட்டேன். என் மோட்டார் வெள்ளை நிறம், நீலக் கோடு. அன்று நான் போட்டிருந்ததும் வெள்ளை ஹெல்மெட். கண்ணாடியில் பார்த்த கார்க்காரர்கள் போலீஸ் என்று நினைத்து ஒதுங்கினார்கள். ஒதுங்காதவர்களிடம் நிறுத்தி, "பொண்டாட்டிக்குப் பிரசவம், கொஞ்சம் வழி விடுங்க" என்று கெஞ்சினேன். ஒரு பஸ் டிரைவர் இறங்கி வந்து மற்ற வண்டிகளை அவரே நிறுத்தினார். அந்த இடைவெளியில் நானும், எனக்குப் பின்னால் முட்டைக்கோஸ் வேனும் நுழைந்து போனோம். கிளட்சை விட்டால் மோட்டார் அணைந்துவிடுமோ என்று பயம். அணையவில்லை.

ஆஸ்பத்திரிக்குள் போன கொஞ்ச நேரத்திலேயே மகள் பிறந்தாள். என்னை உள்ளே விட்டபோது வசந்தி சோர்ந்து கிடந்தாள், பக்கத்தில் அந்தச் சின்னது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள்தான் மெல்லக் கண்ணைத் திறந்து பேசினாள்.

"வேன்ல ஒரே முட்டைக்கோஸ் நாத்தம். அடுத்த தடவை அந்த மோட்டார்லேயே ஏத்துங்க."

காற்றைக் கிழிப்பதற்கென்றே செய்த அந்த மோட்டாரில் அத்தனை வருஷமும் நான் கிழித்தது சில கால்சட்டைகளைத்தான் என்றாலும், திங்கட்கிழமை காலை எப்போது வரும் என்று காத்திருந்த ரிப்பேர்காரன் அந்த ஊரிலேயே நான் ஒருவன்தான் இருந்திருப்பேன்.