பைபிளுக்கு அடங்காத பேட்டரி

இதை நானே திறந்துவிடுவேன் என்ற எண்ணம், பைபிளைத் தூக்கிய அந்தக் கணத்தில்தான் எனக்கு வந்தது.

எங்கள் வீட்டில் வளைந்தது, சுருண்டது, மடங்கியது எல்லாம் பெரிய குடும்பப் பைபிளுக்கு அடியில்தான் போகும். குருத்தோலை ஞாயிறுக்குச் செய்த ஓலைச் சிலுவை, மழையில் நனைந்த ரேஷன் கார்டு, குழாயாகச் சுருண்டு வரும் காலண்டர், என் பட்டச் சான்றிதழ்கூட. இரண்டு நாள் கிடந்தால் எதுவும் நேராகிவிடும் என்பது அம்மாவின் அனுபவம். ஆகவே என் லேப்டாப் மூடாமல் வாய் பிளந்து நிற்பதைப் பார்த்ததும் அம்மா வேறு யோசிக்கவில்லை. நான் கருங்கல் ஊர்ச் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் அதை மேசையில் கிடத்தி, மேலே பைபிளை வைத்து, போதாதென்று கீர்த்தனைப் புத்தகங்களையும் அடுக்கிவிட்டாள்.

நான் வந்து பதறி எல்லாவற்றையும் இறக்கினேன். லேப்டாப் மேசையில் ஊஞ்சல்போல ஆடியது. அடிப்பக்க மூடி ஓர் ஓரமாகப் பிளந்து, உள்ளேயிருந்து கறுப்பாக ஒரு குட்டித் தலையணை பிதுங்கிக்கொண்டிருந்தது.

“இன்னும் கொஞ்ச நேரம் கூட இருக்கட்டு மக்களே. நாளைக்கு நேராவும்” என்றாள் அம்மா.

“அம்மா, இது ஓலை இல்ல. பேட்டரி வீங்கியிருக்கு. அமுக்குனா தீப்பிடிக்கும்.”

“பைபிளுக்கு அடியில இருக்கியது எப்பிடிட்டி தீப்பிடிக்கும்?”

இதற்குப் பதில் சொல்ல எனக்கு இறையியல் தெரியாது. ஆனால் அந்தப் பிளவுக்குள் என் கண் போய்விட்டது. பேட்டரியின் மேல் ஒட்டியிருந்த தாளில் ஓர் எண்ணின் பாதி தெரிந்தது. மீதிப் பாதி மூடிக்குள். அந்த எண் முழுதாகத் தெரிந்தால் மாற்றுப் பேட்டரி வாங்கிவிடலாம். திறந்தால்தான் தெரியும். அப்புறம் என்ன, திறக்க வேண்டியதுதானே!

அந்த லேப்டாப் எனக்கு வெறும் சாதனம் இல்லை. ஒரு வெளியூர் நிறுவனம், சிறுவர் பாடங்களுக்குப் படங்களை அசையவைக்கும் வேலையை எனக்குச் சோதனையாகக் கொடுத்திருந்தது. ஒப்புக்கொண்டதை வெள்ளிக்கிழமைக்குள் முடித்து அனுப்பினால் வேலை எனக்கு. அனுப்பாவிட்டால் பி.எட். படிப்புதான். அப்பா கல்லூரிகூடப் பார்த்து வைத்துவிட்டார். எனக்குப் பள்ளிக்கூட வாத்தியார்கள்மேல் கோபமில்லை. ஆனால் என் பெயரில் இன்னொருவர் முடிவெடுத்துவிட்டு, ‘உனக்க நல்லதுக்குத்தான்’ என்று சொல்வதுமேல் கோபம் உண்டு.

அப்பா வளைகுடாவில் பல வருடம் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவர். மேசையிலிருந்த லேப்டாப்பைத் தாடையால் சுட்டிக்காட்டி, “சவத்த தூக்கி தூரப் போடு. அதுவே சொல்லிப்போட்டு பாத்தியா, ஒனக்கு இந்தச் சோலி வேண்டாம்னு” என்றார். அவர் சட்டைப் பையில் வழக்கம்போல் ரப்பர் பேண்டு சுற்றிய ஃபோன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பஸ் டிக்கெட்டைச் செருகிவைக்கத்தான் அந்த ரப்பர் பேண்டு என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

முதலில் நியாயமாக நடந்துகொள்வோம் என்று தக்கலைக்குப் போனேன், ஒரு பழுதுபார்க்கும் கடைக்கு. கடைக்காரர் லேப்டாப்பை வாங்கித் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

“போர்டு போயிருக்கும் தங்கச்சி. புதுசு எடுங்க.”

“தொறந்து பாருங்களேன்.”

“தொறக்காமலே தெரியும். இந்த மாடலுக்குப் பேட்டரியும் வரல்ல.”

“அப்ப பேட்டரி நம்பர மட்டும் பாத்துச் சொல்லுங்க. நானே வாங்கி மாட்டுயேன்.”

அவர் சிரித்தார். “பொம்பளப் பிள்ளைங்க தொடப்பிடாத சாதனம் இது. வெடிச்சா மொகத்துல அடிக்கும். வீட்டுல அண்ணன் தம்பி ஆரும் இல்லியா?”

“இருக்கான். துபாய்ல. அவனுக்கு பல்பு மாட்டத் தெரியாது” என்று சொல்லி லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது பெரிய வினையாயிற்று. எங்கள் பக்கம் நிற்பவர்களின் சுமை எல்லாம் உட்கார்ந்திருப்பவர்களின் மடிக்குத்தான் சொந்தம். லேப்டாப் பையை மடியில் வைத்து, மேல் துணிகூடப் படாமல் நான் காவல் காத்துக்கொண்டிருக்க, ஓர் அக்கா மரச்சீனிக் கிழங்குப் பையோடு வந்து நின்றார்.

“பிள்ளே, இத ஒண்ணு வச்சிக்கோ.”

“அக்கா, மேல வைக்கப்பிடாது. வெடிக்கும்!”

பஸ்ஸே திரும்பியது. பக்கத்தில் இருந்தவர் எழுந்தே போய்விட்டார். கண்டக்டர் வந்து, “என்னது வெடிக்கும்?” என்றார். லேப்டாப் என்றேன். “அத எதுக்கு மடியில வச்சிருக்க?” என்றார். “தரையில வச்சா ஆராவது சவுட்டிருவாங்களே அண்ணே!” அந்த அக்கா மட்டும் நகரவில்லை. காலியான இடத்தில் கிழங்குப் பையை வைத்து, அதன் பக்கத்தில் தானும் உட்கார்ந்து, “வெடிக்குயதுக்கு முன்ன ஒரு சத்தம் குடு பிள்ளே” என்றார்.

அன்று சாயங்காலமே என் தோழியைக் கூப்பிட்டேன். கடற்கரை ஊர்க்காரி. கல்லூரியில் என் பக்கத்து இருக்கை. கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பவள். லேப்டாப் மூடியைப் பிரிக்க உலோகம் ஆகாது, மெல்லிய பிளாஸ்டிக் வேண்டும், கிட்டார் மீட்டும் வில்லை அதற்கு உத்தமம் என்று படித்திருந்தேன்.

“வில்லையோட ஒரு பை காய்ஞ்ச மணலும் கொண்டு வாட்டி” என்றேன்.

“ஒங்க ஊர்ல மண்ணுகூட இல்லியா?”

“இருக்கு. ஈரச் செம்மண்ணு. தீப்பிடிச்சா மூட காய்ஞ்ச மணல்தான் வேணும்.”

“ஏட்டி, நீ செத்தா ஒனக்க அடக்கத்துக்கு நான்தான் கிட்டார் அடிக்கணும். வில்லைய நீ கொண்டு போனா நான் எத வச்சி அடிக்க?”

ஆனால் மறுநாள் காலையிலேயே வந்துவிட்டாள்.

முற்றத்தில் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தோம். ரப்பர் பால் உறைய வைக்கும் அலுமினியத் தட்டு ஒன்றில் மணலைப் பரப்பினோம். பழைய செய்தித்தாளில் லேப்டாப்பின் முதுகை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு திருகையும் அதனதன் இடத்திலேயே வைத்தேன். உள்ளேயிருந்து அம்மாவின் ஜெபம் உரக்கக் கேட்டது. “ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்க கையி, கண்ணு, மூக்கு...” அப்பா தூரத்தில் செம்பரத்திச் செடி மூட்டில் நின்றுகொண்டு, எங்களைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாத் திருகும் எடுத்த பிறகும் ஒரு மூலை விடவில்லை. இழுத்தால் உடையும். தடவித் தடவிப் பார்த்தேன். அந்த மூலையின் ரப்பர் காலுக்கு அடியில் ஒரு திருகு ஒளிந்திருந்தது. அதையும் எடுத்தேன். வில்லையை ஓரத்தில் நுழைத்து மெதுவாக ஓட்டியபோது மூடி டக் டக்கென்று விட்டுக்கொடுத்தது. அந்தச் சத்தத்துக்கு ஒவ்வொரு தடவையும் தோழி கண்ணை மூடிக்கொண்டாள்.

உள்ளே பேட்டரியின் மூன்று அறைகளில் இரண்டு பூரிபோல் உப்பியிருந்தன. முதலில் பேட்டரியிலிருந்து போர்டுக்குப் போகும் இணைப்பை நகத்தால் விடுவித்தேன். பிறகு பேட்டரியின் திருகுகள். குத்தாமல், வளைக்காமல், பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் எடுத்து மணலில் கிடத்தினேன். வெடிக்கவில்லை. எண் முழுதாகத் தெரிந்தது. உரக்க வாசித்தேன், தக்கலைவரை கேட்கட்டும் என்று.

பேட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் செருகினேன். திரை ஒளிர்ந்தது. போர்டு போயிருக்குமாம்! அந்தக் கடைக்காரர் முன்னால் இருந்திருக்க வேண்டும்.

பாதி வேலை ஓடியது. அப்போது மழை வந்தது. மழை வந்தால் எங்கள் ஊரில் கரண்டு போகும், அதில் இருவேறு கருத்து கிடையாது. இன்வெர்ட்டர் விழித்து எழும் கண நேரத்துக்குள் லேப்டாப் அணைந்தது. அதுவரை அசையவைத்து இன்னும் சேமிக்காத பாடத்தின் ஆமையும் முயலும் போயே போயின. அப்பா பார்த்த பார்வையே, ‘பி.எட்.’ என்று எனக்குக் கேட்டது.

இணையத்தில் வாங்கினால் வெள்ளிக்கிழமைக்குள் வராது. மறுநாளே களியக்காவிளைக்கு பஸ் ஏறினேன். கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள பழுதெல்லாம் வந்து சேரும் ஒரு கடை அங்கே உண்டு. எண்ணைச் சொன்னதும் கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்.

“மோளே, சாதனம் இது தன்னே.”

எண் சரி. இணைப்பும் என் ஃபோனில் இருந்த படத்தோடு பொருந்தியது. ஆனாலும் என் கை சும்மா இருக்கவில்லை. பேட்டரியைக் கண்ணாடி மேசையில் படுக்கவைத்து ஒரு சுழற்றுச் சுழற்றினேன். தட்டையான பேட்டரி சறுக்கி நின்றுவிடும். வயிறு உப்பியதுதான் பம்பரமாகும். இது பம்பரமானது.

“இது இப்பவே வீங்கத் தொடங்கிட்டு அண்ணாச்சி.”

“ஃபேன் காத்துக்கு கறங்குயதாயிருக்கும்.”

“அப்ப ஃபேன நிறுத்துங்க.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கடையில் காத்திருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள். ஃபேனை நிறுத்தினார். மறுபடி சுழற்றினேன். மறுபடி பம்பரம். காத்திருந்த ஒருவர் தன் கையிலிருந்த பேட்டரியையும் மேசையில் வைத்துச் சுழற்றிப் பார்க்க ஆரம்பித்தார்.

“கொள்ளாம், கொள்ளாம். எனக்க கச்சவடத்த கெடுக்காத பிள்ளே” என்று வியாபாரத்துக்குப் பயந்து சொல்லி, உள்ளே போய் வேறொன்று கொண்டுவந்தார். அது அரைச் சுற்றில் நின்றது. அதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அதை மாட்டி, செய்தித்தாளில் இருந்த திருகுகளை எல்லாம் திருப்பிப் போட்டேன். ஒன்றும் மிஞ்சவில்லை. மூடினேன். மூடியது! பைபிளின் உதவியில்லாமல் மேசையில் தட்டையாகப் படுத்தது. ஆமையையும் முயலையும் மறுபடி ஓடவிட்டேன். வெள்ளிக்கிழமை மழை பெய்து கரண்டு போனது. லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. வேலையை அனுப்பினேன். அடுத்த பாடமும் உங்களுக்குத்தான் என்று பதில் வந்தது.

பழைய பேட்டரி இன்னும் மணல் தட்டில் இருக்கிறது. பழைய சாமான் எடுப்பவர் கேட்டார், கொடுக்கவில்லை. சுத்தியலால் அடித்துப் பிரிப்பார். நாகர்கோவிலில் மின்கழிவு வாங்கும் இடத்தை விசாரித்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

அப்பா மட்டும் விடவில்லை. “இந்தத் தடவ சரியாச்சு. எப்பளும் சரியாவுமா? பி.எட். ஒரு பக்கம் இருக்கட்டும்” என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாய் திறப்பதற்குள் அவர் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்து, ரப்பர் பேண்டைக் கழற்றி, மணல் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பின்மூடி சிப்பிபோல விரிந்தது. அதற்குள்ளும் ஒரு பூரி.

“இத ஒண்ணு நோக்கு.”

“அப்பா! இதையா நெஞ்சுமேல வச்சிட்டு நடந்தீங்க? எத்தன நாளா?”

“கொஞ்ச நாளாச்சு. ஒனக்க அம்மைக்கிட்ட சொல்லாத. பைபிள எடுத்திருவா.”

ஃபோனை அணைத்து, இன்னொரு தட்டில் மணல் பரப்பி வைத்தேன். பிறகு சொன்னேன்: “இது சரியானா பி.எட். பேச்சு இந்த வீட்டுல எடுக்கப்பிடாது.”

“சரியாவல்லன்னா?”

“அப்பவும் எடுக்கப்பிடாது.”

அப்பா சிரித்தாரா என்று தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஃபோன் வேறு சாதி. திருகு கிடையாது, எல்லாம் பசை. வீங்கிய பேட்டரியைச் சூடாக்கவும் முடியாது, நெம்பவும் முடியாது. பசையை இளக்கும் திரவம் ஒன்று இருக்கிறதாம், வாங்கிவிட்டேன். எவ்வளவு நேரம் ஊறவிட வேண்டும் என்று படித்துக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை தோழி வருகிறாள், இன்னொரு பை மணலும், என் அடக்கத்துக்கென்று ஒன்றை வீட்டில் வைத்துவிட்டு மிச்சமுள்ள வில்லைகளுமாக. அதே முற்றத்தில், அதே சிமெண்டுத் தரையில் திறக்கப்போகிறேன்.