பொன்னுத்தாய்க்குப் படைத்த கருப்பு உருண்டை

சென்ற மாசி மாதத்தில் இரண்டு நாள் கோவில்பட்டிப் பக்கம் போய்வந்தேன். காரணம் ஒரு சண்டை. என் நாவலின் நாயகி கடைசி அத்தியாயத்தில் சாக வேண்டும் என்றார் பதிப்பாசிரியர். சாக மாட்டாள் என்றேன் நான்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருபவர்களுக்காகச் சொல்கிறேன். நான் மதுரையில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். ஐம்பதை நெருங்குகிறேன். நான் காதல் கதை எழுதுவேன் என்று என்னை அறிந்த யாரும் நம்ப மாட்டார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன்புவரை நானும் நம்பியதில்லை. அப்போது ஒரு கல்யாணத்துக்காகத் தூத்துக்குடி போய்க்கொண்டிருந்தேன். குறுக்கு வழி என்று எண்ணி ஒரு கிளைச்சாலையில் திரும்பிய இடத்தில் டயர் பஞ்சர். டிரைவர் டயரை மாற்றும்வரை காலாற நடந்தேன். பருத்திக் காட்டின் ஓரத்தில், ஒரு உடைமரத்தடியில், வெள்ளையடித்த சிறிய பீடம். அதைச் சுற்றிச் சிவப்புப் பட்டுப் பாவாடை கட்டியிருந்தது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் ஐந்து நிமிடத்தில் கதையைச் சொல்லி முடித்துவிட்டார். வெள்ளைக்காரன் காலம். ஆடுமாடு வைத்திருந்த குடும்பத்துப் பெண் பொன்னுத்தாய். ஜவுளி மூட்டையோடு ஊர் ஊராக வந்த ராவுத்தர் வீட்டுப் பையன்மீது அவளுக்கு ஆசை. வீட்டுக்குத் தெரிந்தது. அவள் தானே தீ மூட்டி இறங்கினாள். சாமி ஆனாள்.

டயர் மாட்டியாகிவிட்டது. நான் கிளம்பிவிட்டேன். அந்தத் 'தானே' மட்டும் தொண்டையில் சிக்கிய மீன்முள்ளாகக் கூடவே வந்தது. தெற்கத்திச் சீமையில் இப்படிக் கன்னிச் சாமிகள் நிறைய. அவற்றில் சிலவற்றின் கீழே சொந்த வீட்டாரே கொன்ற பெண்கள் இருக்கிறார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். பயணம் நாவலுக்கு எப்படி உதவும் என்று பலர் கேட்கிறீர்கள். எனக்கு உதவிய விதம் இதுதான்: ஒரு சொல்லை நம்ப முடியவில்லை, அவ்வளவே. இரண்டு ஆண்டு எழுதினேன். என் கதையில் அவள் தீயில் இறங்கவில்லை. விடிவதற்குள் மூட்டைக்காரனோடு ஊரைக் கடந்துவிட்டாள்.

பதிப்பாசிரியர் தொலைபேசியில் பொறுமையாகத்தான் பேசினார். "மேடம், அந்த ஊர்லயே தீயில இறங்கினான்னுதானே சொல்றாங்க? நீங்க வரலாறு படிச்சவங்க. வரலாற்றை மாத்தலாமா? அவ செத்தாதான் வாசகர் அழுவாங்க. அவனோட போய்ப் பிள்ளை குட்டின்னு இருந்தா, இந்தக் காலத்துல தேவையில்லாத பிரச்சினை வேற."

பிரச்சினை என்றது எனக்குப் புரிந்தது. வரலாறு என்றதுதான் சுட்டது. நேரில் போய் விசாரிக்கிறேன், அவள் செத்தாள் என்று நான் நம்பும்படி ஏதாவது கிடைத்தால் மாற்றி எழுதித் தருகிறேன் என்றேன். கிடைக்காவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். ஒத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு மாட்டுத்தாவணியில் திருநெல்வேலி பஸ் ஏறினேன். கோவில்பட்டிக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், நூற்றுப் பதினைந்து ரூபாய். ஏறும்போதே "ஊருக்குள்ள போகுமா?" என்று நடத்துநரிடம் கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. புறவழிச்சாலையில் இறக்கிவிட்டார். சாத்தூர் தாண்டியதும் மண் கறுக்கத் தொடங்கும். ஜன்னல் இருக்கை கிடைத்தால் தூங்காதீர்கள். மாசியில் உளுந்து, பாசிப்பயறு எடுத்த காடுகள் வெறுமையாக வெடிப்பு விட்டிருக்கும். பருத்தி மட்டும் அங்கங்கே வெள்ளை காட்டும்.

இட்லி சாப்பிட்ட கடை வாசலில் ஆட்டோ பேசினேன். ஓட்டுநர் பெயர் காதர். நாள் முழுவதற்கும் ஆயிரத்து நானூறு. போகும் வழியில் எதற்காகப் போகிறேன் என்று கேட்டார். கதையைச் சொன்னேன்.

"சரிக்கா, அந்தப் பிள்ளை சாமியாயிட்டு. எங்க ஆளு என்ன ஆனான்?"

"ஓடிட்டானாம்."

"அதென்னக்கா, எல்லாக் கதையிலயும் எங்காளை மட்டும் ஓட விட்டுருதாவ? ஜவுளி மூட்டையத் தூக்கிக்கிட்டு எவ்வளவு தூரம் ஓடுவான்?"

நான் சிரித்துவிட்டேன். உண்மையில் அது நல்ல கேள்வி. என் கையெழுத்துப் பிரதியிலும் அவன் மூட்டையை என்ன செய்தான் என்று நான் யோசித்திருக்கவில்லை.

சாலையின் ஒரு பாதி முழுக்க மிளகாய் வற்றல் காய்ந்தது. காதர் மறுபாதியில் உருட்டிக்கொண்டே போனார். தும்மாமல் போய்ச் சேர முடியாது; கைக்குட்டை எடுத்துப் போங்கள்.

நான் தேர்ந்தெடுத்த வெள்ளி, மாசியின் கடைசி வெள்ளி. அன்றுதான் பொன்னுத்தாய்க்கு ஆண்டுக்கு ஒருமுறை படையல். பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது பங்காளிகள் முப்பது பேர்போல் கூடியிருந்தார்கள். பீடத்துக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தது. குடும்பத்தில் மூத்தவர் மாடசாமி அண்ணாச்சி, அறுபது வயதிருக்கும், ஈர வேட்டியோடு வந்து நின்றார்.

"வாங்க. எங்கிருந்து வாரீய? சாமி கும்பிட வந்தீயளா, கதை கேக்க வந்தீயளா?"

"கதை கேக்கத்தான் அண்ணாச்சி."

"கதை கேக்க வந்தவியளும் சாப்ட்டுட்டுத்தான் போணும்."

ஆட்டுக்காரர் சொன்ன அதே கதையை அவரும் சொன்னார். கொஞ்சம் நீளமாக, கொஞ்சம் அழகாக. தீயில் நின்றபோது தலையில் வைத்திருந்த பூ வாடவில்லையாம். தீ எங்கே மூட்டினாள் என்று கேட்டேன்.

"அங்கன. அந்த வரப்புக்குக் கிழக்க."

"யார் பாத்தது?"

"ஊரே பாத்திருக்கு!"

"ஊரே பாத்துமா யாரும் தடுக்கலை?"

பின்னால் யாரோ செருமினார்கள். அண்ணாச்சிக்குக் கோபம் வரவில்லை. முகத்தை மட்டும் பீடத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார். "நீங்க படிச்சவிய, கேள்வி கேப்பீய. நாங்க கும்பிடுதவிய." அவர் வீட்டுப் படையலில் நின்று அவர் சாமியைக் குறுக்கு விசாரணை செய்கிறேன் என்று எனக்கும் தோன்றியது. ஓரமாகப் போய் நின்றுகொண்டேன்.

படையல் வைத்தார்கள். வாழையிலையில் பொங்கல், அவித்த பயறு, தேங்காய், பழம், கண்ணாடி வளையல். கல்யாணம் ஆகாத பெண் என்பதால் சேலை கிடையாது, பட்டுப் பாவாடைதான். அதைத் தைத்து எடுத்து வந்தவள் அண்ணாச்சியின் மருமகள் முத்துலட்சுமி. முப்பத்தைந்து வயதிருக்கும். புதியம்புத்தூரில் ஆயத்த ஆடைத் தையலுக்கு வேனில் போய்வருகிறாள். "பதினாலு வருசமா நாந்தான் தைக்கேன். ஒரு வருசமும் இடுப்பளவு கூடல. குடுத்து வச்சவ!" என்று அவள் சொன்னதும் பெண்கள் கூட்டம் சிரித்தது.

எல்லாம் வைத்த பிறகு கடைசியாக அவளே ஒரு தூக்குச்சட்டியிலிருந்து எலுமிச்சை அளவுக் கருப்பு உருண்டைகளை எடுத்து, இலையின் ஓரத்தில் வைத்தாள். தீபாராதனை முடிந்ததும் அவற்றை எல்லாருக்கும் கொடுத்தார்கள்.

"கருப்பட்டி உருண்டை. சாமிக்கு இனிப்புன்னா உசுரு," என்று அண்ணாச்சி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். காதர் ஒன்றைக் கடித்துவிட்டுக் கண்ணைச் சுருக்கினார். "என்னக்கா, இனிப்புன்னாவ, இந்த ஒறைப்பு ஒறைக்குது!"

நான் வாயில் போடவில்லை. மூக்கருகே கொண்டு போனதுமே கை நின்றுவிட்டது. சுக்கு, திப்பிலி, நல்லெண்ணெயில் வதக்கிய பூண்டு, அவற்றைச் சேர்த்துப் பிடித்த கருப்பட்டி. என் மகள் பிறந்தபோது, காலையில் வெறும் வயிற்றில், நான் முகம் சுளிக்கச் சுளிக்க என் அம்மா ஊட்டியது. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்து. கன்னிச் சாமியின் இலையில்.

பீடத்துக்குப் பின்னால், வேலியோரம், பெண்கள் பந்திக்குச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே போனேன்.

"என்னக்கா, உருண்டைய மோந்து மோந்து பாக்குதீய? திங்கத்தான குடுத்தோம்," என்றாள் முத்துலட்சுமி.

"இதுல திப்பிலி இருக்கு."

"இருக்கும்."

"பூண்டு இருக்கு. எந்த ஊர்ல சாமிக்குப் பூண்டு வதக்கிப் படைக்காங்க?"

அவள் கரண்டியை நிறுத்தினாள். "உங்களுக்கு எத்தனை பிள்ளைய?"

"ஒரு பொண்ணு."

"அதான பாத்தேன்." பக்கத்தில் நின்றவளிடம், "ஏட்டி, சாம்பாரக் கிண்டு, அடிப்பிடிச்சிரும்," என்று கரண்டியைக் கொடுத்துவிட்டு என்னை வேலிப் பக்கம் கூட்டிப் போனாள்.

அவள் சொன்னது இது. பொன்னுத்தாய் சாகவில்லை. ராவோடு ராவாகப் போய்விட்டாள். ஊருக்கு முன் தலை நிமிர முடியாமல், ஆண்கள்தான் தீயில் இறங்கினாள் என்று சொல்லிப் பீடம் கட்டினார்கள். மறு வருஷம் அவள் ஆத்தாள் முதன்முதலாக அந்த உருண்டையைப் பிடித்துக்கொண்டு வந்து வைத்தாள்.

"தலைப்பிள்ளைக்கு ஆத்தா வீட்டு மருந்து போணும்லா? கொண்டு குடுக்க வழியில்ல. இங்கன வச்சா எப்படியும் மகளுக்குப் போய்ச் சேந்துரும்னு வச்சிருக்கா, பாவம். அன்னையிலருந்து இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவ எல்லாரும் பிடிக்கோம்."

"இதை உங்களுக்கு யார் சொன்னது?"

"எங்க மதினி. அவிய கிட்ட அவிய பெரியத்தை. இத எழுதியா வச்சிருக்கு?"

"அப்ப உங்க ஆம்பளைங்களுக்குத் தெரியாதா? வருசா வருசம் திங்கிறாங்களே!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மூக்கு இல்லாமலா இருக்கு? தெரியாத மாதிரி இருந்துக்கிடுவாவ. ஒத்துக்கிட்டா சாமி போயிருமே!"

எழுதலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். "ஊர் பேரு மட்டும் போடாதீய. எங்க வீட்டு ஆம்பளைய கல்யாணப் பத்திரிகையத் தவிர எதையும் வாசிக்கிறதில்ல, ஆனா ஊர்க்காரன் வாசிச்சுட்டு வந்து சொல்லிருவான்." ஆகவே ஊர்ப்பெயரைப் போடவில்லை. ஆள்பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

பந்தியில் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குக் கிளம்பினோம். திரும்பும் வழியெல்லாம் என் தொழில்புத்தி என்னைக் குடைந்தது. இது சான்றா? இல்லை. பின்னால் வந்த ஏதோ ஒரு மருமகள் இரக்கப்பட்டுத் தொடங்கிய வழக்கமாக இருக்கலாம். பெண்கள் தங்கள் ஆறுதலுக்குக் கட்டிய கதையாக இருக்கலாம். ஒருவேளை அவளைக் கொன்றேயிருக்கலாம். ஆத்தாள் அதை ஏற்க முடியாமல் மருந்து பிடித்திருக்கலாம். இதை என்னால் எந்தக் கருத்தரங்கிலும் வாசிக்க முடியாது.

ஆனால் தீயை மட்டும் யார் நிரூபித்தார்கள்? அதுவும் வாய்ச்சொல்தான். சுண்ணாம்பு அடித்த பீடம் இருப்பதால் அதற்கு வரலாறு என்று பெயர். தூக்குச்சட்டியில் வருவதால் இதற்குப் பெண்கள் பேச்சு என்று பெயர். இரண்டும் ஒரே எடை. அப்படியிருக்க, செத்தவள் பக்கமே நான் சாய வேண்டும் என்று யாரும் என்னைக் கட்டாயப்படுத்த முடியாது.

கோவில்பட்டியில் லாட்ஜ் அறைக்கு எண்ணூறு ரூபாய், சுத்தமாக இருந்தது. சாயங்காலம் அங்கிருந்து பதிப்பாசிரியரை அழைத்து நடந்ததைச் சொன்னேன்.

"மேடம், மருந்து உருண்டையெல்லாம் ஆதாரம் ஆகுமா?"

"ஆகாது. தீக்கு உங்ககிட்ட ஆதாரம் இருக்கா?"

"வாசகர் அழணும் மேடம்."

"பெத்த மகளுக்கு மருந்து கொண்டு குடுக்க வழியில்லாத ஆத்தாளைப் பாத்தும் அழுவாங்க. அழ வைக்க ஒரு பொண்ணக் கொளுத்தணும்னு இல்லை."

பிரதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்றார். அனுப்புங்கள் என்றேன். போனை வைத்த பிறகுதான் கணக்குப் பார்த்தேன். இரண்டு ஆண்டு உழைப்பு.

மறுநாள் கடம்பூர் போனேன். கோவில்பட்டியிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம். அங்கே போளி சூடாகக் கிடைக்கும்; தேங்காய்ப் போளியை விடப் பருப்புப் போளி மேல் என்பது என் கட்சி. கடை பெஞ்சில் உட்கார்ந்து புதிய கடைசி அத்தியாயத்தைத் தொடங்கினேன். கடைக்காரர் இரண்டு முறை, "இன்னும் வேணுமாக்கா, இல்ல இடம் மட்டும் போதுமா?" என்று கேட்டார். இரண்டு முறையும் போளி வாங்கினேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தையிலிருந்து மாசிக்குள் போங்கள். பங்குனிக்குப் பிறகு வெயில் தாங்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலையை விட்டு இறங்காதீர்கள். கரிசல் மண் செருப்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தண்ணீர் இரண்டு பாட்டில். படையல் நாளில் படம் எடுக்காதீர்கள், நான் எடுக்கவில்லை. சாமி கதையை முன்னால் நிற்பவரிடம் ஒருமுறை கேளுங்கள். பிறகு படையலைச் சமைத்தவரிடம் இன்னொரு முறை கேளுங்கள். ஊர் எது என்று மட்டும் எனக்கு எழுதாதீர்கள். சொல்ல மாட்டேன்.

பிரதி வந்து சேர்ந்துவிட்டது. புதிய அத்தியாயத்தையும் முடித்துவிட்டேன். என் நாயகிக்குப் பெண் குழந்தை, சுகப்பிரசவம். இதை வெளியிட யாராவது முன்வந்து, திருத்தம் வேண்டும் என்று கேட்டால், குழந்தையின் பெயரை வேண்டுமானால் மாற்றித் தருகிறேன்.