கேது விண்கலத்தின் சமையல்காரி

சிவனம்மாள் கேதுவை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் அன்று மாதாந்திர மின்தடை. காலையில் போன கரண்ட் சாயங்காலம் வரை வராது என்பதால், ஜெஸ்ஸி அக்கா அச்சில் பிழையாகிப்போன கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் கையால் எழுதி அவளை அனுப்பிவைத்தார். ஒரு சின்னக் கலம், நிறைய எரிபொருள், இரண்டு மூட்டை அரிசி. எங்கே போகிறாள் என்று எழுதவில்லை.

கேது ஒரு விண்கலம். சிறுவர் தொலைக்காட்சி ஒன்றில் ஞாயிறுதோறும் வந்த தொடரில், பதினாறு வயதுக்காரர்கள் பத்துப் பேர் அதில் ஏறி வியாழனைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தொடரை ஒட்டி வந்த நாவல்களை எழுதியவர் ஜெஸ்ஸி அக்கா. சிவனம்மாள் தொடரில் கிடையாது. நாவல்களில் மட்டும் இருந்த சமையல்காரி.

நான் பல நாடுகள் சுற்றிவிட்டுத் திரும்பி, அக்காவின் டி.டி.பி. கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறேன். நான் ஊரில் இல்லாத வருடங்களில் நடந்ததை அக்காவும் அவர் கணவர் பெலிக்ஸ் அண்ணனும் சொன்னார்கள். இருவரும் ஒரே மாதிரி சொன்ன இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

அக்கா எழுத்தாளராக ஆசைப்பட்டதில்லை. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, இதுதான் தொழில். சென்னைப் பதிப்பகம் ஒன்று டைப் அடிக்கப் புத்தகங்களை அனுப்பும். கேது வரிசையின் முதல் நாவல் ஏழாம் அத்தியாயத்தோடு வந்தது. எழுதிக்கொண்டிருந்தவர் சினிமாவுக்குப் போய்விட்டார். பதிப்பக ஆசிரியர் ஈஸ்வரன், நெய்க்காரப்பட்டிக்காரர், "மீதியையும் நீங்களே போட்டு முடிச்சிருங்க அக்கா" என்றார். அக்கா முடித்தார். ஏழாம் அத்தியாயத்துக்குப் பிறகு கதை வேகம் பிடிப்பதாக ஒரு பத்திரிகை எழுதியது. அடுத்த நாவலிலிருந்து உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் அவர் பெயர் வந்தது.

இந்த மாதிரி நாவல்களுக்குச் சட்டம் உண்டு. யாரும் சாகக் கூடாது. யாருக்கும் வயது ஏறக் கூடாது. காதல் பார்வையோடு நின்றுவிட வேண்டும். கடைசிப் பக்கத்தில் எல்லாரும் முதல் பக்கத்தில் இருந்த இடத்துக்கே வந்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தொடர் அங்கிருந்துதான் தொடங்கும். அக்காவுக்கு இது சிரமமாகத் தோன்றவில்லை. கல்யாணப் பத்திரிகையிலும் பெயர்களையும் தேதியையும் தவிர எதையும் மாற்ற முடியாது.

நூற்பாலையில் வயர்மேனாக இருக்கும் பெலிக்ஸ் அண்ணன்தான் பிழை திருத்துவார். மூன்றாவது நாவலைப் படித்துவிட்டு அவர் கேட்டார்.

"ஏன் ஜெஸ்ஸி, மூணு புஸ்தகம் முடிஞ்சிருச்சு. இதுல ஒரு பயலும் இன்னும் ஒரு வாய் சோறு திங்கல."

"மாத்திர சாப்புடுவாங்க. விண்வெளியில அப்படித்தான்."

"அந்த வயசுப் பயலுகளுக்கு மாத்திரையா? சோறு, வெஞ்சனம் இல்லாமயா இம்புட்டுத் தூரம் போனானுக?"

நான்காவது நாவலில் சிவனம்மாள் வந்தாள். வயது நாற்பத்தெட்டு, ஊர் நத்தம் பக்கம். அவள் கேப்டனிடம் பேசிய முதல் வசனம்: "ஏலே, கப்பல ஓட்டுறது கெடக்கட்டும். கையக் கழுவிட்டு வா." புளி தீர்ந்தால் வியாழனின் எந்த நிலாவில் கிடைக்கும் என்று அவள் கேட்க, பத்துப் பேரும் கணினியில் தேடினார்கள்.

அதற்கு முன் புத்தகம் சுமாராகத்தான் போனது. பரீட்சை நேரத்தில் கேது என்று அட்டையில் போட்ட புத்தகத்தைப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கத் தாய்மார்கள் தயங்கினார்கள். ஸ்டேஷனரிக் கடை அல் அமீன் பாய் அந்தப் பெயரின் மேல் விலைச்சீட்டை ஒட்டி விற்றார். சிவனம்மாள் வந்த பிறகு பிள்ளைகளே வந்து, "சமையக்காரம்மா புக்கு வந்திருச்சா?" என்று கேட்டார்கள்.

அக்காவுக்கு அவள் மேல் பிடிப்பு அதிகம். பத்துப் பிள்ளைகள் தொடரைத் தயாரித்த கம்பெனி கொடுத்தவர்கள். கலம் கம்பெனி கொடுத்தது. வியாழன் ஏற்கெனவே இருந்தது. அவர் எழுதியதில் அவருடையது என்று சொல்ல அவள் ஒருத்திதான்.

ஏழாவது நாவல் தொடங்கும் முன் ஈஸ்வரன் போன் செய்தார்.

"ஏனுங்க அக்கா, டிவியில இல்லாத ஆளுக்கு ரசிகர் கடிதாசி வருதுங்க. கம்பெனில கோவப்படுறாங்க. இனி அந்தம்மா இருக்கக் கூடாதாமுங்க."

"கொல்லவும் கூடாதே."

"கொல்லக் கூடாதுங்க. சும்மா விட்டுருங்க. பேரே எடுக்காம இருந்தா பசங்க மறந்துருவாங்க."

"பத்துப் பேருக்குப் பொங்கிப் போட்டவ. சொல்லாமக் கொள்ளாமப் போயிருவாளா? ஒரு அத்தியாயம் குடுங்க."

"ஒரு பக்கமுங்க."

"மூணு."

"ரெண்டுங்க அக்கா. அழுகாச்சி மட்டும் வேண்டாமுங்க."

அந்த இரண்டு பக்கத்தைத்தான் மின்தடை நாளில் எழுதினார். பெலிக்ஸ் அண்ணன் படித்துவிட்டு, "ரெண்டு மூட்டை அரிசி எதுக்கு?" என்றார். "தனியாப் போறாள்ல" என்றார் அக்கா. அண்ணன் எந்தப் பிழையும் திருத்தாமல் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு காந்திகிராமத்தில் ஒரு புத்தகக் கண்காட்சி. அங்கே ஒரு சிறுமி, "மிஸ், சிவனம்மா இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டாள். கதாபாத்திரங்களைப் பற்றிப் புத்தகத்துக்கு வெளியே பேசக் கம்பெனியின் அனுமதி வேண்டும் என்பது ஒப்பந்தம். "கேட்டுச் சொல்றேன் பாப்பா" என்றார் அக்கா. சொன்னபடியே கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டார். அப்படி ஒரு கதாபாத்திரம் எங்கள் பதிவுகளில் இல்லை என்று பதில் வந்தது. அக்கா அன்று மத்தியானமே கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். முகூர்த்த மாதத்தில் அவர் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை.

அந்த வருடக் கடைசியில் தொடர் நின்றது. அக்கா எழுதுவதை நிறுத்தவில்லை. ஒரு செல்போன் விளையாட்டுக்கு நான்கு நாவல்கள், பிஸ்கட் பாக்கெட்டோடு இலவசமாகக் கொடுக்க ஒரு வரிசை, பள்ளி மாணவர்கள் காலத்தில் பின்னோக்கிப் போகும் இன்னொரு தொடருக்கு மூன்று. எல்லாம் சொன்ன தேதிக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றில் யாரும் சாப்பிடவில்லை. பெலிக்ஸ் அண்ணனும் கேட்கவில்லை.

ஐந்து வருடம் போனது. போன மாதம் நான் கடையில் பாஸ்போர்ட் நகல் எடுத்துக்கொண்டிருந்தபோது அக்காவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் அந்தக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த இளவேனில். அக்கா இரண்டு முறை படித்தார். பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

"வணக்கம் மேம். கேது திரும்ப வருது, இந்தத் தடவை வெப் சீரிஸ். புதுசா ஒரு சமையல்காரம்மா கேரக்டர் இருக்காங்க, பேரு சிவனம்மாள். நாவல் நீங்கதான் எழுதணும்னு சார் சொல்றாங்க. ஒரே ஒரு வேண்டுகோள் மேம், அவங்க பேச்சையோ குணத்தையோ மட்டும் மாத்திராதீங்க. நாங்க ரொம்ப யோசிச்சு உருவாக்கின கேரக்டர்."