பிந்தி வந்தால் தண்டால்

பிள்ளைகளே, சண்டையில் கீழே விழாமல் இருப்பது எப்படி என்பதை விழுந்தவனிடம் கேட்பதுதான் நல்லது. நான் என் மைத்துனனிடம் ஒரே காலையில் இரண்டு முறை விழுந்தவன்.

கோட்டையூரில் எனக்குத் தச்சு வேலை. விடிந்ததும் கண்மாய்க்கரையில் பிள்ளைகளுக்குச் சிலம்பமும், கம்பில்லாமல் வெறுங்கையால் அடிகளை வரிசை வரிசையாக அடுக்கிச் செய்கிற குத்துவரிசையும் சொல்லிக்கொடுப்பேன். யாராவது செல்போனில் ஒரு புது அடியைக் காட்டினால், இது நம்ம மூணாம் வரிசையிலேயே இருக்கு என்பேன். மூன்றாம் வரிசையில் அத்தனைக்கும் இடம் கிடையாது. ஆனாலும் வாத்தியார் என்று ஆனபிறகு இல்லை என்று சொல்ல வாய் வருவதில்லை.

மைத்துனன், அதாவது என் மனைவியின் தம்பி, வேலைக்காக வடக்கே போன இடத்தில் மல்யுத்தம் பழகிக்கொண்டு வந்தான். காரைக்குடியில் ஒரு கடை மாடியைப் பிடித்து, மெத்தை விரித்து, சாயங்கால வகுப்பு தொடங்கினான். ஒன்பதாவது படிக்கும் என் மகள் ஒருநாள் அங்கே வேடிக்கை பார்க்கப் போனாள். வந்ததும், "இனிமே மாமாகிட்டயே கத்துக்கிறேம்ப்பா" என்றாள்.

வாத்தியார் மகளே வேறு இடம் போனால் மற்றவர்கள் எப்படி வருவார்கள் என்று வெளியே சொன்னேன். மனசுக்குள் இருந்தது வேறு. அவள் என்றைக்கும் நேரத்துக்கு வந்தவள் இல்லை. எல்லோரும் ஆட ஆரம்பித்தபின் கொட்டாவி விட்டுக்கொண்டே கரையேறி வருவாள். அதைப் பார்த்தால்தான் எனக்குப் பொழுது விடிந்த மாதிரி.

ஆகவே ஒரு பந்தயம் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மாமன் கண்மாய்க்கரைக்கு வரட்டும். என்னைக் கீழே போட்டால் நீ அங்கே போ, போடாவிட்டால் இங்கேயே இரு.

அந்த வாரம் முழுக்க, காலைப் பிடிக்க வருகிறவனுக்கு எங்கள் வரிசையில் என்ன பதில் இருக்கிறது என்று தேடினேன். குனிந்து வருகிறவன் பிடரியில் ஓர் அடி இருந்தது. பட்டறையில் சாத்தி வைத்திருந்த ஒரு கதவை எதிராளியாக வைத்து அதைப் பழகினேன். கதவு ஒரு தடவைகூட என் காலைப் பிடிக்கவில்லை. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வந்தான். எங்கள் வழக்கப்படி, ஆடுவதற்கு முன் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, நாலு திசைக்கும் வணக்கம் வைக்க வேண்டும். அவன் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக நின்றான். நான் குறையில்லாமல் வணங்கி முடித்து, முன்காலை நீட்டி, நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். போட்டோவுக்கு அதைவிட நல்ல நிலை கிடையாது. நீட்டிய அந்தக் காலைத்தான் அவன் அள்ளிக்கொண்டான். அடுத்து நான் பார்த்தது வானம்.

வெறுங்கை என்பதால்தான் இப்படி, கம்பு இருந்தால் கதையே வேறு என்றேன். எடுத்துக்கொள்ளச் சொன்னான். எடுத்தேன். ஒரு சுற்று சுற்றுவதற்குள் அவன் கம்புக்கு உள்ளே வந்துவிட்டான். இடுப்பைக் கட்டிக்கொண்டவனை அத்தனை நீளக் கம்பால் என்ன செய்ய முடியும்? முதுகைச் சொறிந்துவிடலாம். மறுபடியும் வானம்.

"இதுக்கு மூணாம் வரிசையில ஒண்ணும் இல்லையா மச்சான்? நல்லாத் தேடிப் பாத்தீகளா?" என்று கேட்டான். பிள்ளைகள் கண்மாய்ப் பக்கம் திரும்பி நின்று சிரித்தார்கள்.

அப்போதுதான் மகள் வந்து சேர்ந்தாள். பந்தயமே அவளுக்காக, அதற்கும் பிந்தித்தான் வந்தாள். பிந்தி வந்தால் தண்டால் என்பது என் சட்டம். நான் வேட்டியில் மண்ணைத் தட்டிக்கொண்டிருக்க, அவள் யாரும் சொல்லாமலே தண்டாலை எடுத்து முடித்தாள். பிறகு மாமனிடம் போய், என்னையும் போட்டுப் பாருங்கள் என்றாள்.

அவன் சிரித்துக்கொண்டே குனிந்து கால்களுக்குப் பாய்ந்தான். கால்கள் அங்கே இல்லை. இரண்டையும் அவள் பின்னால் எறிந்துவிட்டு, இடுப்பை இறக்கி, அவன் முதுகின்மேல் கனமாகப் படுத்துவிட்டாள். அவன் முகம் மண்ணில் இருந்தது. சிரிப்பை விட்டுவிட்டு இன்னொரு முறை பாய்ந்தான். மறுபடியும் மண்தான். பிள்ளைகளே, விஷயம் அவ்வளவுதான். தண்டாலில் தரையில் ஊன்றுகிற கையை அவள் அவன் தோளில் ஊன்றினாள்.

"ஏ தாயி, இதை யாரு ஒனக்குச் சொல்லிக்குடுத்தது?"

"அப்பாதான். தெனமும் பிந்தித்தான வாரேன்."

மைத்துனன் என்னைப் புது மரியாதையோடு பார்த்தான். இது நம்மிடமே இருக்கிறது என்று வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையாகவே சொல்லியிருக்கலாம். ஆனால் அது இருந்த இடம் வரிசை இல்லை, தண்டனை. நான் கம்பைப் பொறுக்கினேன்.

விழுந்தது நான், ஆகவே பந்தயப்படி அவள் மாமனிடம் போனாள். அங்கே கொஞ்சம் பிந்தினாலும் கதவைச் சாத்திவிடுவானாம். ஒரு மாதத்தில் அவளுக்கு நேரம் பழகிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு விடியலில் நான் கண்மாய்க்கரைக்குப் போனபோது, எனக்கு முன்னாலேயே வந்து அவள் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். மாமன் வகுப்பு சாயங்காலம்தானே என்றாள். அன்றிலிருந்து தினமும் வருகிறாள்.

இப்போது பிந்துகிறவன் நான். பட்டறையில் மரம் இறங்கியது, சைக்கிள் பஞ்சர் என்று ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு வருவேன். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே என்று அத்தனை பேர் முன்னாலும் தண்டால் எடுப்பேன். எங்கள் வாத்தியார் எவ்வளவு நியாயமானவர் என்று பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். மகள் மட்டும் பக்கத்தில் குனிந்து மெதுவாகச் சொல்கிறாள்:

"இடுப்பு இன்னும் எறங்கணும்ப்பா."