அடுத்த வருசத்துப் புதன்கிழமை

அறையில் இருந்தவர்கள்: டாக்டர். அவர் புதுசு, வழக்கமாகப் பார்க்கிறவர் லீவு. என் வீட்டுக்காரர். என் அண்ணன் பொண்டாட்டி, எனக்கு மதினி. அப்புறம் நான்.

திருத்தங்கலிலிருந்து விருதுநகருக்குப் பஸ்ஸில் வந்திருந்தோம். பதினோரு வருசமாக வருகிறோம். மனசு எழுந்திருக்காமல் படுத்தே கிடக்கிற நோய் எனக்கு. நாலு மாத்திரை மாற்றியாகிவிட்டது. ஒன்று பகலெல்லாம் தூங்க வைத்தது. ஒன்று தூக்கத்தையே எடுத்துக்கொண்டது. ஒன்றில் உடம்பு ஊதியது. ஒன்று நல்லதும் செய்யவில்லை, கெட்டதும் செய்யவில்லை.

அஞ்சாவதுதான் கொஞ்சம் கேட்டது. ரெண்டு மாசம் ஆகிறது. காலையில் யாரும் எழுப்பாமல் எழுந்தேன். போன ஞாயிறு வீட்டுக்காரர் வைத்த குழம்பில் உப்பில்லை என்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்து எத்தனையோ வருசம். அதைச் சொல்லத்தான் போனேன். டாக்டர் வேறொன்று கேட்டார்.

"இன்னைக்கு என்ன கிழமைம்மா?"

"புதன்."

"என்ன வருஷம்?"

சொன்னேன். டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். அன்றைக்குச் செவ்வாய். வருசத்திலும் ஒன்று கூட்டிச் சொல்லியிருந்தேன்.

"நான் அப்பவே சொன்னேன், இந்த மாத்திரை மண்டையக் கலக்கிரும்னு. கேட்டீகளாண்ணே?" என்றார் மதினி.

"கோவம் வேற வருது சார். அதுக்கும் ஒண்ணு எழுதிருங்க," என்றார் வீட்டுக்காரர்.

டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னார்: "இத நிறுத்திருவோம். வேற பார்ப்போம்."

வேற பார்ப்போம். நாலு தடவை கேட்ட பேச்சு. வேற என்றால் மறுபடி முதலிலிருந்து. மறுபடி பாயோடு கிடப்பது. எழுதுகிறவருக்கு அது ஒரு வரி.

"சார், நான் காலண்டர் கம்பெனியில தாள் அடுக்குதேன். ரெண்டு மாசமா கையில இருக்கது அடுத்த வருசம். அதுல இந்தத் தேதி புதன்தான். எங்களுக்கு இந்த வருசம் போன வருசமே முடிஞ்சு போச்சு."

மதினி சிரித்துவிட்டார். "ஏட்டி, அப்ப எங்களுக்கெல்லாம் ஒரு வயசு கூடிப் போச்சா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "சரி, நூறுலருந்து ஏழு ஏழா கழிச்சுக்கிட்டே வாங்க, பாப்போம்."

மாசத் தாளில் ஒரு கட்டம் மேலே ஏறினால் ஏழு குறையும். நாளெல்லாம் அதைத்தான் பார்க்கிறேன். என்னிடம் போய் ஏழைக் கேட்கிறார்.

"தொண்ணூத்தி மூணு. எம்பத்தாறு. எழுவத்தொம்போது. எழுவத்திரெண்டு. அறுவத்தஞ்சு."

"போதும்மா."

நான் நிறுத்தவில்லை. வீட்டுக்காரர் என் கையைத் தொட்டார். கையை எடுத்துக்கொண்டேன். ஐம்பத்தொன்றுக்கு வந்தபோது டாக்டர் எழுதியதை அடித்தார். முப்பதுக்கு அதே மாத்திரையை இன்னும் ஒரு மாசத்துக்கு எழுதினார். சீட்டை நீட்டினார். வாங்கி மடித்து மடியில் வைத்தேன்.

"போதும்னு சொல்றேன்ல?" என்றார் டாக்டர்.

இருபத்தி மூன்று. பதினாறு. ஒன்பது.

ரெண்டு.