நீல டேப்

புது வீட்டுக்குச் சாவி வாங்கியவர்கள் முதலில் சாமி படத்தை எடுத்துக்கொண்டு போவார்கள். அடுத்து நடேசனைக் கூப்பிடுவார்கள். வீட்டின் குறைகளைக் கண்டுபிடித்துச் சொல்வது அவர் தொழில். நுனியில் குண்டு வைத்த கம்பியால் தரை முழுக்கத் தட்டிக்கொண்டே போவார். அடியில் சிமெண்ட் சரியாகப் பிடிக்காத டைல் 'டொப்'பென்று சொல்லிவிடும். அதன்மேல் ஒரு துண்டு நீல டேப். கட்டியவர்கள் வந்து மாற்றித் தருவார்கள். இருபத்தைந்து வருடத்தில் டேப் ஒட்டாமல் அவர் வெளியே வந்த வீடு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் குறையே இல்லாத வீடு எங்கோ இருக்கிறது என்ற பிடிவாதம் மட்டும் மனிதரை விடவில்லை.

அதை வேலையோடு நிறுத்தியிருக்கலாம். மகள் இளமதி ஏழு வயதில் கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கிக்கொண்டு ஓடிவந்தபோது, "மீதி நாலு எங்க?" என்று கேட்டுத் தொலைத்தார். அதற்குப் பிறகு பிள்ளை எந்த மார்க்கையும் அவரிடம் காட்டவில்லை. அம்மாவிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

இப்போது அவளுக்கும் மாப்பிள்ளை அசோக்குக்கும் புது வீடு கிடைத்திருக்கிறது. சாவி வாங்கி மூன்று வாரமாகியும் அப்பாவுக்கு அழைப்பில்லை. ஊரார் வீட்டையெல்லாம் தட்டிப் பார்க்கிறவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒருவழியாகப் போன் வந்தது. கம்பியையும் டேப்பையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னாள்.

வெறுங்கையோடு போனார். அறை அறையாக நன்றாக இருக்கிறது என்றார். சமையலறையில் குதிகாலை வைத்ததும் 'டொப்'. இளமதிக்கும் கேட்டுவிட்டது. அவள் முகம் அந்த ஏழு வயது முகமாகச் சுருங்கிப்போனது.

நடேசன் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

"நம்ம மார்சிலிங் வீட்டுலயும் அடுப்புக்கிட்ட இப்படி ஒண்ணு இருக்கும்மா. நீ பொறக்கறதுக்கு முந்தியே இருக்கு. அது மேல உக்காந்துதான் நீ சோறு சாப்புடுவ. அதுக்கு நான் டேப் ஒட்டுனதே இல்ல." அந்த டைலை உள்ளங்கையால் தடவினார். "அந்த நாலு மார்க்க நான் கேட்டிருக்கக் கூடாது."

இளமதி அடுப்பு மேடைப் பக்கம் போனாள். இழுப்பறையிலிருந்து ஒரு நீல டேப்பை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவளே வாங்கி வைத்திருக்கிறாள்.

"ஒட்டுங்கப்பா. ஒரு வருசத்துக்குள்ள சொன்னா மாத்திக் குடுப்பாங்க லா."

டேப் கோணலாக ஒட்டிக்கொண்டது. வேறு யார் வீடாக இருந்தாலும் பிய்த்து நேராக ஒட்டியிருப்பார். இதை அப்படியே விட்டுவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.